துல்லியம் யாருடைய சொல்?

2016 செப்டம்பரில் எல்லை தாண்டி நடந்த ராணுவ நடவடிக்கைக்கு ஆங்கிலத்தில் 'சர்ஜிகல் ஸ்டிரைக்' என்று பெயர் சூட்டினார்கள். தமிழ்ப் பத்திரிகை மேசைகளுக்கு உடனே ஒரு சொல் தேவைப்பட்டது. 'அறுவைச் சிகிச்சைத் தாக்குதல்' என்று போட்டால் வாசகர் சிரித்துவிடுவார். ஆகவே கத்தியையும் மருத்துவரையும் விட்டுவிட்டு 'துல்லியத் தாக்குதல்' என்றார்கள். 2019 பிப்ரவரி 26, பாலாகோட்டுக்கும் அதே சொல். 2025 மே 7 அதிகாலையில் 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்தபோது யாரும் அகராதி புரட்ட வேண்டியிருக்கவில்லை. சொல் தயாராக இருந்தது. இப்போது என் மாணவிகள் பேச்சுப் போட்டிக் கட்டுரையில் அதைக் கூசாமல் எழுதுகிறார்கள், பக்கத்துக்கு மூன்று முறை.

நான் தமிழ் படித்தவள். ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். துல்லியம், வடமொழித் 'துல்ய'த்திலிருந்து வந்தது. சமம், நிகர் என்று பொருள். துலாம், துலாக்கோல் எல்லாம் அதே குடும்பம். இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பதைச் சொல்லவந்த சொல் அது. மேகத்துக்கு மேலே விசையை அழுத்துகிறவனுக்கும் கீழே அடுப்படியில் நிற்கிறவளுக்கும் இடையில் இருக்கும் உறவுக்கு அது பெயராகிவிட்டது. சொற்கள் பொருள் மாறுவது இயல்புதான், வகுப்பில் நானே அதைப் பாடமாக நடத்துகிறேன். ஆனால் சில மாற்றங்களுக்கு ஆதாயம் அடைகிற ஆள் ஒருவர் இருக்கிறார்.

இந்தச் சொல்லின்மேல் எனக்குக் கோபம் வருவதற்கு நான் விருதுநகர்க்காரி என்பதும் ஒரு காரணம். வெடிமருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாங்கள் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

துல்லியக் குண்டு என்பது என்ன? ஒரு சாதாரணக் குண்டு, அதன் வாலில் ஒரு கருவி. அமெரிக்காவின் மார்க்-84 குண்டு ஏறக்குறைய 900 கிலோ எடை. வயிற்றுக்குள் 430 கிலோ அளவுக்கு வெடிமருந்து. இது வியட்நாம் காலத்துச் சரக்கு. அதன் பின்பக்கம் போயிங் நிறுவனத்தின் 'ஜேடாம்' என்ற வாலைப் பொருத்தினால் செயற்கைக்கோள் சொல்லும் இடத்துக்குத் துடுப்பை அசைத்து அசைத்துப் போய் விழும். வேறு சில குண்டுகள் லேசர் ஒளிப் பொட்டைத் தேடிப் போகும். பாலாகோட்டில் இந்தியா போட்ட இஸ்ரேலின் 'ஸ்பைஸ்' குண்டு, முன்கூட்டியே ஊட்டப்பட்ட படத்தோடு கீழே தெரிகிற காட்சியை ஒப்பிட்டுக்கொள்ளும். அறிவு முழுவதும் தலையிலும் வாலிலும்தான். வயிறு பழைய வயிறு. விழும்வரை துல்லியம், விழுந்தபின் வெடிமருந்துக்கு முகவரி தெரியாது. அதன் சில்லுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் போகும்.

'விழும்வரை துல்லியம்' என்பதிலும் ஒரு சூது இருக்கிறது. ராணுவக் கணக்கில் ஒரு குண்டின் துல்லியத்தை ஒரு வட்டத்தின் ஆரத்தால் சொல்கிறார்கள். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்று. போடுகிற குண்டுகளில் பாதி அந்த வட்டத்துக்குள் விழும் என்பதே அதன் பொருள். மறுபாதி? வட்டத்துக்கு வெளியே. வெளியே யார் வீடு இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

அந்தப் பழைய வயிற்றுக்குள் பெரும்பாலும் இருப்பது டிரைட்டனால். டி.என்.டி. எண்பது பங்கு, அலுமினியப் பொடி இருபது பங்கு. அலுமினியப் பொடியை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், ஏழாயிரம்பண்ணை பக்கம் சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்குகிற பெண்களின் கைகளைப் பாருங்கள். முழங்கைவரை வெள்ளி பூசியதுபோல இருக்கும். சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் முழுதாகப் போகாது. அந்தக் கையோடுதான் சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுவார்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவை வாங்கத் தயங்கினார். "கறை பட்டுரும் டீச்சர்" என்றார். அது காய்ந்து உதிராத கறை, பேனாவில் ஒட்டாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். 'ஆபீஸுக்குப் போயிருக்கா' என்றால் வெளியூர்க்காரர் மேசையும் மின்விசிறியும் நினைத்துக்கொள்வார். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை இங்கே ஒவ்வொரு பள்ளி ஆண்டு விழாவிலும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைதான். மழை பொய்த்த பூமியில் அடுப்பெரிய வைத்த தொழில். ஆனால் அந்த விழா மேடையில், திரி செருகியவள் பெயர் ஒன்றையும் நான் இதுவரை கேட்டதில்லை.

இந்த ஆபீஸில்தான் உண்மையான துல்லியம் இருக்கிறது. எத்தனை சிட்டிகை மருந்து, எவ்வளவு அழுத்தம், எந்த ஈரப்பதம், எந்த நேரத்துக்குள் கலவையை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் பெண்களின் விரல் நுனியில் இருக்கிற கணக்கு. இரும்பு கூடாது, நைலான் சேலை கூடாது, டப்பாவை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. அந்த நான்கு எட்டாவது எப்படி? பீஸ் ரேட்டால், உள்குத்தகையால், தீபாவளிக்கு முந்தைய மூன்று மாத அவசரத்தால். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை இரண்டிரண்டாகப் பிரித்து வேறு வேறு ஆட்களுக்கு விடுகிறார்கள். மரத்தடியில் மணிமருந்து காய்கிறது. விபத்துக்குப் பிறகு செய்தியில் 'உராய்வு காரணமாக' என்று வரும். எங்கள் மாவட்டத்தில் மிக அதிகமாகக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாகாமல் இருப்பவர் இந்தத் திருவாளர் உராய்வுதான்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர். முதல் சத்தம் கேட்டு உதவிக்கும், என்ன நடக்கிறதென்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர், ரெங்கபாளையம். 2024 மே, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னகாமன்பட்டி. நடுவில் நான் விட்டுவிட்டவை நிறைய. ஒவ்வொன்றிலும் பெண்கள். ஒவ்வொன்றிலும் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் வளையலையும் மெட்டியையும் வைத்து ஆளை அடையாளம் தேடுகிற உறவினர்கள். முதலிப்பட்டியில் உதவிக்கு ஓடிவந்தவர்கள் செத்ததை நான் நினைக்கும்போதெல்லாம் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அமெரிக்க ட்ரோன்கள் ஒரு ஏவுகணை போட்டு, மீட்க ஆட்கள் கூடியபின் இரண்டாவதைப் போட்டதைப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். எங்கள் ஊரில் அலட்சியத்தால் நடந்ததை அங்கே திட்டமிட்டுச் செய்தார்கள். ஓடிவந்தவர்களின் உடம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஒரு ஜேடாம் வாலின் விலை சுமார் 25,000 டாலர். நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். வெடி ஆபீஸில் ஒரு பெண் செத்தால் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து மூன்று லட்சம், அண்மையில் நான்கு லட்சம். துலாக்கோல் என்று சொன்னேன் அல்லவா, தட்டில் வைத்துப் பாருங்கள்.

துல்லியம் தவறிப்போய்த்தான் பொதுமக்கள் சாகிறார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. 1991 பிப்ரவரி 13, பாக்தாத் நகரின் அமிரியா பதுங்குமிடம். அமெரிக்க விமானம் இரண்டு லேசர் குண்டுகளைப் போட்டது. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்தத் துளை வழியாக உள்ளே போனது. துல்லியம் என்றால் இதைவிடத் துல்லியம் கிடையாது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்டவர்கள் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கட்டளை மையம் என்று நினைத்தோம் என்றார்கள். குண்டு ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. பிசகியது எதுவென்றால், 'இங்கே இருப்பது யார்' என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்த வாலும் பதில் சொல்லாது. 2021 ஆகஸ்ட் 29, காபூல்: ட்ரோன் ஏவுகணை குறிவைத்த காரைத்தான் அடித்தது. பத்துப் பேர் செத்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். முதலில் நியாயமான தாக்குதல் என்று சொன்னார்கள். பத்திரிகைகள் தோண்டியபின், மூன்று வாரம் கழித்து, தவறு என்றார்கள்.

நமக்கு பாக்தாத்வரை போக வேண்டியதுமில்லை. கடலைத் தாண்டினால் வன்னி. இஸ்ரேலிடம் வாங்கிய கிபிர் விமானமும், அங்கிருந்தே வந்த வேவு விமானமும் அந்த வானத்தில் பறந்தன. ஆளில்லா அந்த வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் வைத்த பெயர் 'வண்டு'. இரைச்சலை வைத்து இட்ட பெயர். வண்டு என்றால் பூவையும் தூதையும் நினைக்கிற மரபு நம்முடையது. என் முனைவர் பட்டக் காலத்தில் அகப்பாடல்களின் வண்டுகளை எண்ணிக் குறிப்பெடுத்தவள் நான். இப்போது அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரிக்கும்போது வேறொரு ஓசையும் கூடவே கேட்கிறது. வண்டு சுற்றினால் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும், பார்க்கப்பட்டுவிட்டோம் என்று பொருள்.

2006 ஆகஸ்ட் 14 காலை, முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் கிபிர் விமானங்கள் குண்டு போட்டன. பயிற்சி வகுப்புக்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிகளிலிருந்து வந்து தங்கியிருந்த பதின்வயதுப் பெண்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகளின் பயிற்சி முகாமைத்தான் அடித்தோம் என்றது இலங்கை அரசு. அவர்கள் மாணவிகள் என்றது யுனிசெஃப். நேரில் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, ராணுவ முகாமுக்கான தடயம் எதுவும் தெரியவில்லை என்றது. அரசு தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. இறந்தவள் மாணவியா போராளியா என்ற வழக்கு அவள் செத்தபிறகு நடக்கிறது, அவளைக் கொன்றவரே நீதிபதி.

2009 இன்னும் கொடியது. 'பொதுமக்கள் ஒருவர்கூட இறக்கவில்லை' என்பது அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை. வன்னியின் மருத்துவமனைகள் இருக்குமிடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டதாக ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. புதுக்குடியிருப்பு மருத்துவமனையின் இடக்குறியைச் செஞ்சிலுவைச் சங்கம் பாதுகாப்புக்காகவே கொடுத்திருந்தது. கொடுத்தபின் எறிகணை விழுந்தது. பிறகு, இனி எங்கள் இடக்குறியைத் தர வேண்டாம் என்று மருத்துவர்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. எங்கே அடிக்கக் கூடாது என்று துல்லியமாகச் சொல்வதும் எங்கே அடிக்கலாம் என்று சொல்வதும் ஒரே எண்தான். எண்ணை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

போருக்கு முன் அறிவிப்புக் கொடுப்பது அறம் என்று நம் இலக்கியம் சொல்கிறதே என்பார்கள். ஆமாம், புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் பாடியது. முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடும் முன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பானாம். அறத்தாறு என்று நாம் மேடைதோறும் பெருமைப்படுகிற பாட்டு. பட்டியலைக் கவனியுங்கள். பசு, பார்ப்பனர், அடுத்து நாம். ஊரைவிட்டு ஓடுகிற பெண் எங்கே போய் நிற்பாள், யார் வீட்டுத் திண்ணையில் படுப்பாள், எந்த ஊர்க் கிணற்றில் அவளுக்குத் தண்ணீர் தருவார்கள் என்று பாட்டில் இல்லை. 'பாதுகாப்பு வலயத்துக்குப் போங்கள்' என்று வன்னியிலும் காசாவிலும் வானிலிருந்து போட்ட துண்டறிக்கைக்கும் இந்தப் பாட்டுக்கும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. அறிவிப்புக் கொடுத்தவன் கை கழுவிக்கொள்கிறான் என்பது மட்டும் மாறவேயில்லை.

மார்பில் காயம்பட்ட மகனைக் கண்டு மகிழ்ந்த தாயின் பாட்டையும் நான் வகுப்பில் நடத்துகிறேன். நடத்தித்தான் ஆக வேண்டும், பாடத்திட்டம். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், எங்க சித்திக்கு முன்னால காயமா பின்னால காயமான்னு பார்க்க ஒண்ணும் மிஞ்சலையே." வகுப்பு அமைதியாகிவிட்டது. புறமுதுகு என்ற கருத்தே, எதிரில் ஒருவன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில் பிறந்தது. மேலிருந்து வருவதற்கு முதுகு ஏது, மார்பு ஏது.

பெயர்களுக்கு வருகிறேன். சிவகாசியில் லட்சுமி வெடி உண்டு, அணுகுண்டு உண்டு. செல்வத்துக்கான தெய்வத்தின் படத்தைச் சுற்றிச் சணல் கட்டி, திரி வைத்து, வாசலில் கொளுத்துவோம். இதில் புண்படாதவர்கள் வேறு எதிலெல்லாம் புண்படுகிறார்கள் என்பது தனிக் கட்டுரை. இந்திய ராணுவத் தொழில்நுட்பமும் இந்த விஷயத்தில் சிவகாசிதான். லேசர் குண்டுக்குச் 'சுதர்சன்', 2024 ஆகஸ்டில் ஒடிசா கடற்கரையில் சோதித்த சறுக்குக் குண்டுக்குக் 'கௌரவ்'. சக்கரம், கௌரவம். பிறகு சிந்தூர்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைக் கொன்றது கொடுமை. ஆண்களைப் பிரித்தெடுத்து மனைவிமார் கண்முன் சுட்டார்கள். அந்தப் பெண்களின் துயரத்துக்கு முன் யாருக்கும் பேச்சு வராது. அந்தத் துயரத்தை எடுத்து, நெற்றிக் குங்குமமாக்கி, குண்டுக்குப் பெயராக வைத்தார்கள். குங்குமம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது இந்த நாட்டில் கணவனின் உயிரைப் பொறுத்தது. அதை நிலைநிறுத்தவா தாக்குதல்? தாக்குதல் நடந்த அன்று காலையிலேயே இரண்டு பெண் அதிகாரிகளைச் செய்தியாளர்முன் உட்கார வைத்தார்கள். என் பெண்ணியத் தோழிகள் சிலரே நெகிழ்ந்துபோய் எழுதினார்கள். அவர்களோடு நான் இங்கே முரண்படுகிறேன். சமத்துவம் என்பது குண்டு போட்டதை விளக்கும் நாற்காலியில் சம இடம் அல்ல. எங்கள் மாவட்டத்தில் புருஷனைப் பட்டாசு விபத்தில் இழந்த பெண்கள் மறுமாதம் அதே மாதிரி இன்னொரு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களின் நெற்றிக்காக யாரும் விமானம் அனுப்பவில்லை, அனுப்பவும் வேண்டாம். மருந்து அறைக் கதவை அகலமாக வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், தமிழ்ச் சூழலில் இதைச் சொல்ல ஆள் குறைவு. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். இலக்கைத் தேடி நடந்து, மாலையோடு குனிந்து வெடித்தது ஒரு பெண்ணின் உடல். துடுப்பு, கண், மூளை எல்லாமாக அவளே ஆக்கப்பட்டாள். சுற்றி நின்றவர்கள் பலரும் செத்தார்கள், அவர்களில் காவலர்கள் இருந்தார்கள், பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். விடுதலையின் பெயரால் பெண்ணுடலை வழிகாட்டும் கருவியாக்குவதற்கும், தேசத்தின் பெயரால் பெண்ணின் குங்குமத்தைக் குண்டின்மேல் பூசுவதற்கும் நடுவில் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

நல்லெண்ணமுள்ள நண்பர்கள் கேட்பார்கள்: துல்லியக் குண்டு இல்லையென்றால் நகரத்தையே எரிப்பார்களே, அது பரவாயில்லையா? 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் எரிந்தார்களே? நியாயமான கேள்வி. ஒரு குண்டுக்கு ஒரு குண்டு ஒப்பிட்டால் வாலுள்ள குண்டு குறைவாகவே கொல்லும். ஆனால் எத்தனை குண்டு, எங்கே என்று கேளுங்கள். குறி தப்பாது என்ற நம்பிக்கைதான் நெருக்கமான குடியிருப்புக்குள் குண்டு போடும் துணிச்சலைத் தருகிறது. 2024 மே 26, ரஃபா. கூடாரங்களில் தஞ்சமடைந்தவர்கள்மேல் விழுந்தது ஜி.பி.யு.-39 என்ற சிறிய துல்லியக் குண்டு, சேதம் குறைய வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்தது. 45 பேர் செத்தார்கள். காசாவில் தாங்கள் சரிபார்த்த இறப்புகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்களும் குழந்தைகளும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அதே ஆண்டு நவம்பரில் சொன்னது. அந்தப் போரில் உலகின் மிகத் துல்லியமான வால்கள் எல்லாம் பறந்தன.

இந்த வால்களும் சிறகுகளும் எங்கோ வெளிநாட்டில் செய்யப்படுகின்றன என்று நினைப்பதும் வசதியான நினைப்பு. ஹைதராபாத்தில் அதானி-எல்பிட் ஆலை ஹெர்மிஸ் 900 ட்ரோன் செய்கிறது. திருச்சி, கோவை, சேலம், ஓசூர், சென்னை வழியாகப் பாதுகாப்புத் தொழில் தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது, வேலைவாய்ப்பு என்று நம் கட்சிகள் எல்லாமே கைதட்டின. நாக்பூருக்குப் பக்கத்தில் சோலார் இண்டஸ்ட்ரீஸ் குழுமம் 'நாகாஸ்திரா' என்ற தற்கொலை ட்ரோன் செய்து ராணுவத்துக்குக் கொடுக்கிறது. இரண்டு மீட்டர் துல்லியம் என்பது அதன் பெருமை. அதே குழுமத்தின் பஜார்காவ் ஆலையில் 2023 டிசம்பர் 17 அன்று சுரங்கத்துக்கான வெடிபொருளைப் பெட்டியில் அடைக்கும் பகுதி வெடித்தது. ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஆறு பேர் பெண்கள். பெட்டி அடைக்கிற வேலை எந்த மாநிலத்திலும் பெண்களுடைய வேலைதான் போலிருக்கிறது. நாக்பூர் எங்கள் மக்களுக்குப் புதிய ஊரும் அல்ல. வெடிபொருள் உரிமம் வழங்கும் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 'நாக்பூர் லைசென்ஸ்' என்றால் சிவகாசியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இந்தப் பருவத்தில் இலக்கண வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். நாளிதழ்த் தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும், செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்ற வேண்டும், எழுவாய் கட்டாயம் இருக்க வேண்டும். 'இலக்குகள் துல்லியமாக அழிக்கப்பட்டன.' யார் அழித்தார்? எதை? எத்தனை கிலோவால்? அங்கே யார் தூங்கிக்கொண்டிருந்தார்? தெரியாத இடத்தில் கோடு போட்டு விட வேண்டும், நிரப்பக் கூடாது. பெரும்பாலான விடைத்தாள்களில் கோடுகள்தான் அதிகம். 'உராய்வு காரணமாக ஏற்பட்ட வெடிவிபத்தில் பெண்கள் உயிரிழந்தனர்' என்ற தலைப்பையும் கொடுத்தேன். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உராய்வை அடித்துவிட்டு எழுவாயில் ஒரு ஆளின் பெயரை எழுதியிருந்தாள், குத்தகைக்கு எடுத்தவரின் பெயர், இனிஷியலோடு. இலக்கணப்படி சரி. முழு மதிப்பெண் போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாக, "இந்தப் பேரு வெளிய போகாதுல்ல மேடம்? அம்மா இன்னும் அங்கதான் போறாங்க" என்றாள்.